கடைமடை: பகடை இல்லாத ஒரு பாத்திர விளையாட்டு உருவான விதம்

'கடைமடை' ஐந்து பேர் ஆடும் ஒரு மேசை விளையாட்டு. ஆறாவதாக ஒரு கதைசொல்லி உண்டு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ஓர் ஏரித் தண்ணீரை ஒரு சம்பா பருவம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் பெரும்பாலும் பேச்சுதான். கையில் வேண்டியவை புளியங்கொட்டை, மொச்சை, ஒரு மஞ்சப்பை, ஒரு துண்டு. பகடை, சீட்டு, பலகை எதுவும் கிடையாது. வேலூரில் ஒரு நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்தோம். எந்த விதி எதனால் வந்தது, எது இன்னும் சரியாக உட்காரவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதுபோல ஒன்றைத் தங்கள் ஊருக்கேற்ற மாதிரி செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களையும் நூலகர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் எண்கள் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

பாத்திர விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்குத் தொடக்கம். ஒருவர் உலகத்தையும் சூழலையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அதன் இன்றைய வடிவங்களில் பெரும்பாலும் 20 முகப் பகடைதான் இந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு முகமும் விழ 5 சதவீத வாய்ப்பு. எவ்வளவு திறமையாகப் பேசினாலும், திட்டம் போட்டாலும், 1 விழுந்தால் போச்சு.

பகடை இல்லாமல் செய்தவர்களும் உண்டு. 1991இல் வந்த 'ஆம்பர்' விளையாட்டில் ஆட்டம் தொடங்கும் முன்பே வீரர்கள் தங்களிடம் உள்ள 100 புள்ளிகளை வைத்துத் திறமைகளை ஏலம் எடுப்பார்கள். அப்புறம் மோதல் வந்தால் யார் கை ஓங்கியது என்பதை அந்தத் தரவரிசையை வைத்துக் கதைசொல்லி முடிவு செய்வார். 2005இல் வந்த 'டிரெட்' என்ற திகில் விளையாட்டில் மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கோபுரம் யார் கையில் சரிகிறதோ அவருடைய பாத்திரம் கதையை விட்டுப் போகும். 1995இல் வந்த 'எவர்வே' ஒரு முடிவை எட்டும் வழிகளை மூன்றாகப் பிரித்தது. பாத்திரத்தின் திறமையைப் பார்த்து முடிவு செய்வது கர்மா. கதைக்கு எது நல்லது என்று பார்த்து முடிவு செய்வது டிராமா. அதிர்ஷ்டத்திடம் விடுவது ஃபார்ச்சூன். இந்த மூன்றையும் எங்கள் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் ஏரி?

வேலூரில் கதைக்களம் தேடினால் முதலில் கண்ணில் படுவது கோட்டை. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னே சிப்பாய்கள் எழுந்த நிகழ்ச்சியை வைத்துச் செய்யலாம் என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். புதிய தலைப்பாகை, திப்புவின் குடும்பம், அகழி, எல்லாமே தயாராக இருக்கிறது. ஆனால் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை சில மணி நேரத்தில் வந்து அடக்கிவிட்டது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதை மாற்றினால் வரலாறு பொய்யாகும். மாற்றாவிட்டால் ஆடுபவர் எடுக்கும் முடிவுகளுக்கு மதிப்பில்லை. பகடை இருந்தாலாவது ஒரு சுவர் ஏறுவதிலோ ஒரு கதவைத் திறப்பதிலோ விறுவிறுப்பு இருந்திருக்கும். பகடையை எடுத்துவிட்டால் ஆட்டம் முழுக்க முழுக்க மனிதர்கள் எடுக்கும் முடிவில்தான் நிற்கிறது. முடிவு திறந்திருக்கும் களம்தான் அதற்குத் தோது.

ஏரி அப்படிப்பட்ட களம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து, மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் மறுபடி மூன்றானது. ஆனால் ஆற்காட்டுப் பக்கமோ குடியாத்தம் பக்கமோ எங்கே போனாலும் ஊரை ஒட்டி ஒரு கரை, ஒரு மதகு, நிரம்பிய தண்ணீர் வழிய ஒரு கலங்கல். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் வந்த மாதிரி இரு கரை தொட்டு ஓடுவது அபூர்வம். வரும்போது பிடித்துத் தேக்கி வைக்கத்தான் ஏரிகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜாபேட்டை அருகே கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய்கள் பிரிந்து போய்த்தான் காவேரிப்பாக்கம் பெரிய ஏரி போன்றவை நிரம்புகின்றன. எங்கள் வட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் உண்டு, அல்லது தாத்தா காலத்தில் இருந்தது. தலைமடை (மதகை ஒட்டிய முதல் வயல்கள்), கடைமடை (வாய்க்காலின் கடைசி வயல்கள்) என்று சொன்னால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பகடை செய்த மூன்று வேலைகள்

முதல் வடிவத்தில் சாதாரண ஆறுமுகப் பகடையை வைத்தோம். மழை பெய்ததா, மடையைத் திறக்க முடிந்ததா, பக்கத்து வயல்காரரை ஒத்துக்கொள்ள வைக்க முடிந்ததா, எல்லாவற்றுக்கும் ஓர் உருட்டல். ஆட்டம் வேகமாகப் போனது, சிரிப்பும் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடைமடைப் பயிர் காய்ந்தபோது மேசையில் கேட்டது, "இரண்டு விழுந்துடுச்சி" என்ற ஒரு வரி மட்டும். தலைமடைக்காரர் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்திருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை.

அங்கேதான் பகடை என்னென்ன செய்கிறது என்று உட்கார்ந்து யோசித்தோம். மூன்று வேலைகள் செய்கிறது. கதைசொல்லி உட்பட எல்லோருக்கும் தெரியாத ஒன்றை மேசைக்குக் கொண்டுவருகிறது. வாக்குவாதத்தை ஒரு நொடியில் முடித்து வைக்கிறது. மூன்றாவதுதான் பெரியது: பழியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. கெட்டது நடந்தால் யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

பகடையை எடுத்துவிட்டால் இந்த மூன்று வேலைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். முதல் இரண்டுக்கு ஏற்பாடு செய்வது அவ்வளவு கடினமில்லை. மூன்றாவதை என்ன செய்வது என்பதில்தான் ஒரு பகடையில்லா விளையாட்டு நிற்கும் அல்லது விழும் என்பது என் உறுதியான கருத்து. பகடை போனதும் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிறார். அந்தப் பழியை ஆடுபவர் தாங்கக்கூடிய அளவில் வைத்திருப்பதும், அதே நேரம் மறைக்காமல் வைத்திருப்பதும் விதிகளின் பொறுப்பு.

அடுத்த வடிவத்தில் முடிவுகளைக் கதைசொல்லியிடம் விட்டோம், எவர்வே சொல்லும் டிராமா வழி. அதில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிட்டுக் கதைசொல்லியிடம் மன்றாட ஆரம்பித்தார்கள். சத்தமாகப் பேசியவர் வயலுக்குத் தண்ணீர் போனது. பயிர் காய்ந்தவர், "உங்களுக்கு அவனைத்தான் பிடிக்கும்" என்றார். பழி முழுக்கக் கதைசொல்லி தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு கர்மா வழி: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், செல்வாக்கு என்று எண்கள், பெரிய எண் ஜெயிக்கும். தலைமடைக்காரருக்குச் செல்வாக்கு அதிகம், அதனால் அவரே எப்போதும் ஜெயித்தார். வாயைத் திறக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டால் எதற்குப் பேச வேண்டும்? பேச்சு நின்றுபோனது.

இந்தக் கட்டத்தில் எனக்கு வழி காட்டியது கூத்து. வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. சூதாட்டக் கட்டமும் வரும். சகுனி உருட்டும் பகடையில் என்ன விழும் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். உருட்டி முடித்த பிறகு சபையில் திரௌபதி என்ன கேட்கப் போகிறாள், பீஷ்மர் என்ன பதில் சொல்லித் தடுமாறப் போகிறார் என்பதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. ஒரு முடிவுக்கு என்ன விலை, அதை யார் தருகிறார் என்பது தெரிந்தால் போதும், பார்ப்பவர் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது. விளையாட்டில் அந்த விலையை மேசை மேல் தெரியும்படி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மூடின கை

இப்போதைய விதி இப்படி. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 5 மொச்சை. அது ஊரில் அவருடைய பேச்சு எவ்வளவு எடுபடும் என்பதற்கான அளவு. எத்தனை மீதி இருக்கிறது என்பதைப் பிறருக்குக் காட்டாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தில் இருவருக்குள் பேச்சு முறிந்தால் இருவரும் மொச்சையை உள்ளங்கையில் மறைத்து மூடின கையை நீட்டுவார்கள். வெறுங்கையாகவும் நீட்டலாம், 3 வரையும் வைக்கலாம். ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதிகம் வைத்தவர் சொன்னபடி நடக்கும். ஆனால் ஜெயித்தவர் கையில் இருந்த மொச்சை அத்தனையும் தோற்றவருக்குப் போகும். தோற்றவர் வைத்தது அவரிடமே இருக்கும்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் விளையாட்டின் முதுகெலும்பு. இதற்கு முந்தைய வடிவத்தில் ஜெயித்தவரின் மொச்சை பொதுக் கிண்ணத்துக்குப் போனது. மூன்றாவது முறை (தண்ணீர் பங்கிடும் சுற்று) வருவதற்குள் எல்லோர் மடியும் காலியாகி, எல்லோரும் வெறுங்கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தோற்றவருக்குக் கொடுப்பது என்று ஆனதும் மேசையின் குணமே மாறிவிட்டது. இன்று விட்டுக்கொடுத்தவர் நாளைக்குப் பலசாலி. ஊரிலும் அப்படித்தானே: ஒருவர் வாயை அடைத்து ஒரு காரியத்தைச் சாதித்துக்கொண்டால், அடுத்த பஞ்சாயத்தில் நாலு பேர் வாயடைபட்டவர் பக்கம்தான் பேசுவார்கள். பழி பொறுக்கக்கூடியதாக ஆனதும் இதனால்தான். தோற்ற பிள்ளை கையில் மூன்று மொச்சையோடு உட்கார்ந்திருக்கிறது, அழ வேண்டியதில்லை.

இருவரும் ஒரே எண்ணிக்கை வைத்திருந்தால் பாதிக்குப் பாதி என்று ஒரு சமரசத்தை அவர்களே சொல்ல வேண்டும், மொச்சை அவரவரிடம் திரும்பும். இருவருமே வெறுங்கை என்றால் அந்தப் பேச்சு அப்படியே விடப்படும்.

மூடின கை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. கொட்டையைக் கையில் மறைத்து "ஒத்தையா ரெட்டையா" கேட்கும் விளையாட்டு இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் தெரியும். அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டோம், வேறு ஒரு வேலைக்கு.

தண்ணீர்க் கணக்கு

மஞ்சப்பைதான் ஏரி. தொடக்கத்தில் அதில் 12 புளியங்கொட்டை. ஏரி கொள்ளளவு 16. அதற்கு மேல் வந்தால் கோடி போய்விடும், அதாவது கலங்கல் வழியாக வழிந்துவிடும். பருவத்துக்கு 6 முறை. மழை பெய்தால் 4 கொட்டை சேரும்.

தலைமடைக்காரர் வயலுக்கு ஒரு முறைக்கு 2 கொட்டை வேண்டும். கடைமடைக்காரர் வயலுக்கும் 2தான், ஆனால் ஏரியிலிருந்து 3 விட வேண்டும். ஒன்று வாய்க்காலிலேயே ஊறிப்போகும். இந்த விதியைச் சொன்னவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் தடவை ஆட்டத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது, "இன்னாப்பா இது, மதகுல உட்ட தண்ணி அப்படியே கடைசி வயலுக்குப் போய்ச் சேருமா?" அந்த ஒரு கொட்டை நஷ்டம் வந்த பிறகுதான் ஏரி நிஜ ஏரியானது. ஐந்து பேரும் ஆளுக்கொரு மொச்சையைத் திறந்த கையில் போட்டால் வாய்க்கால் தூர் வாரியதாகக் கணக்கு, அதன் பிறகு பருவம் முடியும்வரை அந்த நஷ்டம் கிடையாது. போட்ட மொச்சை ஆட்டத்தை விட்டே போய்விடும். ஒருவர் மறுத்தாலும் தூர் வாருவது நடக்காது.

செங்கல் சூளைக்காரர் மண் குழைக்க முறைக்கு 1 கேட்பார். மீன் குத்தகைக்காரருக்கு எப்போதும் ஏரியில் 4 மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் செத்துப்போகும். ஐந்தாவது ஆள் நீர்க்கட்டி. அவருக்கு நிலம் இல்லை. எந்த மடைக்கு எவ்வளவு என்று முறைதோறும் அறிவிப்பது அவர்தான். அறுவடையில் விவசாயிகள் மனமுவந்து தரும் மூட்டைதான் அவருக்குக் கூலி.

கூட்டிப் பாருங்கள். எல்லோரும் கேட்பதைக் கொடுத்தால் தலைமடைக்கு 12, கடைமடைக்கு 18, சூளைக்கு 6, மீனுக்கு 4, ஆக 40. ஆறில் மூன்று முறை மழை பெய்தால் வருவது 12, கையிருப்பு 12, ஆக 24. பயிர் ஒரு முறை தண்ணீர் தவறினால் வாடும், அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால்தான் காயும். அதனால் இரண்டு வயலும் முறை விட்டு முறை பாய்ச்சினால் 6ம் 9ம், மீனுக்கு 4, மீதி 5 சூளைக்கு. சரியாக 24. எல்லோரும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஒருவர் ஒரு கொட்டை கூடுதலாக ஆசைப்பட்டாலும் அது இடிந்துவிடும். பற்றாக்குறையை இந்த அளவில் நிறுத்தத்தான் அதிக நேரம் பிடித்தது. தண்ணீர் தாராளமாக இருந்தால் யாரும் பேசவில்லை. ரொம்பக் குறைந்தால் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மழை யார் கையில்?

மழைக்கு மட்டும் யாரும் பொறுப்பாக முடியாது. அங்கே பழியை யார் தலையிலும் கட்டக் கூடாது என்பதால் ஒத்தையா ரெட்டையாவை மழைக்கு வைத்தோம். முறை தொடங்கும்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரு கை விரல்களை நீட்டுவார்கள், மூடின கை பூஜ்யம். மொத்தம் இரட்டைப்படை என்றால் மழை. பூஜ்யம், 2, 4 என்று இரட்டைக்கு மூன்று வழி, 1, 3, 5 என்று ஒற்றைக்கு மூன்று வழி, அதனால் ஓரவஞ்சனை இல்லை.

எல்லோருக்கும் மழைதானே வேண்டும், ஐவரும் பேசிவைத்து இரட்டையாகவே நீட்டினால்? நீட்டினார்கள். ஆறு முறையும் மழை கொட்டியது. அதற்கு மருந்தாகத்தான் சூளைக்காரர் ஆட்டத்துக்குள் வந்தார். மழை பெய்தால் அவருடைய சுடாத பச்சைக் கல் கரைந்துபோகும். மற்ற நால்வரும் இரட்டை நீட்டுவார்கள் என்று தெரிந்தால் அவர் ஒற்றை நீட்டுவார். அது தெரிந்து நால்வரில் ஒருவர் மாற்றுவார். அதையும் எதிர்பார்த்து அவர் மாற்றுவார். வேறு வேறு விருப்பம் உள்ள இரண்டு பேர் இருந்தாலே போதும், மொத்தத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஏரியில் 12க்கு மேல் சேர்ந்துவிட்டால் மீன் குத்தகைக்காரரும் மழைக்கு எதிரியாகிவிடுவார், கோடி போனால் மீனும் தண்ணீரோடு போய்விடுமே.

இதுவும் ஒரு பகடைதானே என்று கேட்கலாம். எதிர்பாராததைக் கொண்டுவருவதில் ஆமாம். ஆனால் வானத்துக்கு மட்டும் இந்த வழி, மடைக்கு மூடின கை என்று பிரித்த பிறகு, பிள்ளைகள் "மழை இல்லை" என்பதையும் "தண்ணீர் வரவில்லை" என்பதையும் குழப்பிக்கொள்ளவில்லை. முதல் வடிவத்தில் இரண்டும் ஒரே பகடையில் கலந்து கிடந்தன.

ராத்திரி

ஒவ்வொரு முறையின் முடிவிலும் இரவு. பையைத் துண்டால் மூடி ஒரு சுற்று அனுப்புவோம். ஒவ்வொருவரும் உள்ளே கைவிட்டுப் பூஜ்யம், 1 அல்லது 2 கொட்டை எடுத்து யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். காலையில் பையைத் தட்டில் கொட்டி எண்ணுவோம். குறைந்திருந்தால் யாரோ ராத்திரி மடையைத் திறந்திருக்கிறார்கள். யார் மேலாவது சந்தேகம் என்றால் 2 மொச்சை பந்தயம் வைத்து நேராகக் கேட்கலாம். கேட்கப்பட்டவர் உண்மை சொல்லியாக வேண்டும். எடுத்திருந்தால் 3 மொச்சை தர வேண்டும். எடுக்காவிட்டால் பந்தயம் வைத்த 2ம் அவருக்கே.

முதலில் ஏரியாக எவர்சில்வர் கிண்ணம்தான் வைத்திருந்தோம். கொட்டை எடுக்கும்போது 'டிங்' என்று காட்டிக்கொடுத்தது. அதனால் மஞ்சப்பை. கொட்டைகளும் தேய்க்காதவையாக இருக்க வேண்டும். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்த கொட்டை கலந்திருந்தால் விரல் பட்டதுமே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

பாத்திரத்துக்கு உயிர் கொடுக்க ஆட்டத்துக்கு முன் இரண்டே கேள்விகள். உன் இடதுபக்கம் இருப்பவர் உனக்கு என்ன உறவு? தண்ணீர் தவிர இந்தப் பருவத்தில் உனக்கு என்ன அவசரம்? தங்கை கல்யாணம், பழைய கடன், காலேஜ் ஃபீஸ் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். பங்காளி, மாமன், சம்பந்தி என்று உறவு வந்ததும் பேசும் விதமே மாறுகிறது.

ஓர் அமர்விலிருந்து ஒரு காட்சி. நான்காம் முறை, விரல் மொத்தம் ஒற்றை, மழை இல்லை. தட்டில் 7 கொட்டை. தலைமடைக்காரராக ஆடிய எட்டாம் வகுப்புப் பையன் நீர்க்கட்டிக்கு அறுவடையில் இரண்டு மூட்டை தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். நீர்க்கட்டி, தலைமடைக்கு 2 என்று அறிவித்தார். கடைமடைக்காரராக ஆடியவள் பத்தாம் வகுப்பு. அவள் பாத்திரத்துக்கு அந்தப் பையன் சித்தப்பா முறை.

"சித்தப்பா, போன முறையும் எனக்கு வர்ல. இந்த முறையும் உட்டுட்டா பயிர் காஞ்சி பூடும்."

"உனக்கு மூணு உட்டா ரெண்டுதாம்மா வந்து சேருது. ஒண்ணு வாய்க்கால்லயே பூடுது. எனக்கு ரெண்டு உட்டா ரெண்டும் நெல்லுக்கு."

"வாய்க்கால் தூர் வார எல்லாரும் கை நீட்டனப்போ நீதான சித்தப்பா நீட்டல?"

மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பையனுக்குப் பதில் இல்லை. இருவரும் கையை மூடினார்கள். இரண்டாம் முறை நடந்த ஒரு தகராறில் அவன் ஜெயித்து 2 மொச்சை கொடுத்திருந்தான், அதனால் அவனிடம் 3, அவளிடம் 7. திறந்தபோது அவன் கையில் 2, அவள் கையில் 3. தண்ணீர் கடைமடைக்குப் போனது, ஏரியில் 4 மிச்சம், மீன் தப்பித்தது. அவளுடைய 3 மொச்சை அவனிடம் போய் அவனுக்கு 6 ஆனது.

மறுநாள் காலை எண்ணினால் 2 கொட்டைதான். மீன் குத்தகைக்காரர் கொதித்துப் போய்த் தலைமடைக்காரர் மேல் 2 மொச்சை பந்தயம் வைத்தார். "நான் இல்ல மாமா, சத்தியமா நான் இல்ல." உண்மைதான். அவனுக்கு மொச்சை 8 ஆனது. எடுத்தவர் சூளைக்காரர். அந்த ஞாயிறு முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்த பையன் அவன். தங்கை கல்யாணத்துக்குக் கல் விற்ற பணம்தான் வேண்டும் என்று தொடக்கத்தில் சொல்லியிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இந்தக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. பையன் சொன்னது பாசன விவாதங்களில் நிஜமாகவே வரும் வாதம்: குறைந்த நஷ்டத்தோடு விளைவது தலைமடைதான், தண்ணீரை ஏன் தூரத்துக்கு அனுப்பி வீணாக்க வேண்டும்? அதற்கு அவள் சொன்ன பதிலும் நிஜம்: நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தும் நீ தடுத்தாய். இரண்டையும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு கொட்டை நஷ்டம் என்ற விதியும் ஆளுக்கொரு மொச்சை என்ற விதியும் சேர்ந்து அந்தப் பேச்சை வரவழைத்தன. இன்னொன்று, பேசாத பிள்ளை. பேச்சை மட்டும் நம்பி நடக்கும் பகடையில்லா ஆட்டங்களில் வாய் உள்ளவர்தான் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். பகடை அங்கே ஊமைப் பிள்ளைக்கும் சம வாய்ப்புத் தந்தது, அதை எடுத்தவர்கள் பதிலுக்கு ஒன்று தந்தாக வேண்டும். மூடின கையும் ராத்திரிப் பையும் எங்கள் பதில்.

சரியாக உட்காராதவை

நெருங்கிய நண்பர்கள் இருவர் ஒரே மேசையில் இருந்தால் மொச்சையைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் வேண்டுமென்றே 3 வைத்து ஜெயித்து, நண்பரின் மடியை நிரப்புகிறார். ஒரே ஜோடி தொடர்ந்து இரண்டு தடவை கை நீட்டக் கூடாது என்று ஒரு தடை போட்டிருக்கிறோம். ஓரளவு குறைந்திருக்கிறது, தீரவில்லை.

விவசாயக் குடும்பத்துப் பெரியவர்கள் ஆடும்போது வேறொரு சிக்கல். கடைமடை நிலம் வைத்திருக்கும் ஓர் அம்மா ராத்திரிப் பையில் கையை விடவே மறுத்துவிட்டார். "வெளயாட்டுக்குக்கூட அந்தப் பழி வேணாம்பா." ஆனால் கை விடாதவர் யார் என்று தெரிந்தால் சந்தேக வட்டம் சுருங்கிவிடும். இப்போது வெறுங்கையை விட்டு எடுப்பதைக் கட்டாயமாக்கி, எடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அவரவரிடம் விட்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு அது சம்மதம்.

நீர்க்கட்டியாக ஆடும் பிள்ளை அறுவடைவரை எதையும் சம்பாதிப்பதில்லை என்பதால் சில அமர்வுகளில் சோர்ந்துவிடுகிறது. வாக்குறுதிகளை ஒரு தாளில் எழுதி நடுவில் வைப்பது உதவுகிறது. கடைசியில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று எல்லோர் முன்னிலும் படிக்கும்போது, வாக்குத் தவறியவர் முகத்தை மேசை முழுக்கப் பார்க்கிறது.

இப்போது இரண்டு மேசை வைத்து ஆடிப் பார்க்கிறோம். இங்கே ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேல் ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். அதனால் மேல் மேசையில் 16ஐத் தாண்டும் கொட்டைகள் கீழ் மேசைப் பைக்குப் போகின்றன. அதோடு கீழ் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து போய் மேல் மேசையிடம் பேசலாம். அப்படிப் போகிறவர் தன் ஊர் மொச்சையைக் கையில் எடுத்துப் போகலாமா, வெறும் பேச்சோடு மட்டும்தான் போக வேண்டுமா என்பதில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.